எஸ்எம்பிஎஸ் மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

சுவர் மின்சாரத்தை கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதை மாற்றுவது நாலு ஸ்க்ரூ வேலை என்பார்கள். கழற்றி மாட்டுவதை மட்டும் கணக்கில் எடுத்தால் அது சரிதான். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் லேபில் அடிக்கடி மாறுகிற பாகம் இந்த இரும்புப் பெட்டிதான். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளை முதலில் பிளக் செருகியிருக்கிற சுவரைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்க்ரூ டிரைவர் அதற்கு அப்புறம். பழைய பெட்டி ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதை மாட்டினால், அதே காரணம் புதியதையும் தின்றுவிடும். சில வீடுகளில் அந்தக் காரணம் ஆளையே அடிக்கக் கூடியதாக இருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அக்கா வீடு. மாமா அந்த வீட்டிலேயே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பம் டிசைன் இரவு வரை ஓடும். கொஞ்ச நாளாக ஆல்பம் எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றார். சும்மா பாட்டு கேட்டால், மெயில் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கனமான வேலை கொடுத்தால்தான் விழுகிறது. யாரோ வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பலன் இல்லை.

அக்கா சொன்னது வேறொரு விஷயம். "வீடு துடைக்கும்போது கை பட்டா அந்த கம்ப்யூட்டர் பெட்டி சுர்ருங்குதுடி. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல." ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். எல்லோரும் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

மாமாவுக்கு முதல் பிரச்சினை பெரிது. எனக்கு இரண்டாவது.

அக்கா மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "சித்தி, நானே மாத்திடுறேன். வீடியோ பார்த்துட்டேன், நாலு ஸ்க்ரூதான்" என்று போனில் சொன்னான். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் வருகிற வரைக்கும் எதையும் தொடாதே, அந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு எந்த போர்டில், எத்தனை பின்னில் இருந்தது என்று மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். வந்த போட்டோவில் மூன்று பின் பிளக், அதற்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அந்த எக்ஸ்டென்ஷனின் முனையில் இரண்டு பின் பிளக். எர்த் பின்னுக்குப் போக வழியே இல்லை.

அந்தச் சுர்ர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே, மின் இரைச்சலை வடிகட்ட, மின்சாரத்தைத் தேக்கும் பாகங்களான இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து, அதாவது லைன் வரும் வயரிலிருந்து, பெட்டியின் உடம்புக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாவிட்டால் அந்த உடம்போடு ஒட்டியிருக்கும் கேபினட், அதாவது கம்ப்யூட்டரின் வெளிக்கூடு முழுவதும் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. புது எஸ்எம்பிஎஸ், நல்ல கம்பெனிப் பெட்டி எதை மாட்டினாலும் எர்த் இல்லாத வீட்டில் இதே சுர்ர் வரும். "பெட்டி லைன் அடிக்குது, மாத்திட்டேன், புதுசும் அடிக்குது" என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான்.

சுர்ரென்பது ஆளைக் கொல்லாது, சரி. ஆனால் அது சொல்லும் செய்தி பெரியது. உள்ளே என்றைக்காவது ஒரு பேஸ் வயர் இன்சுலேஷன் உரிந்து உடம்பைத் தொட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்கு இழுத்துப் போய் ப்யூஸையோ பிரேக்கரையோ விழவைக்க வழியே கிடையாது. பெட்டி முழு 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆள்தான் அப்போது எர்த் வயர். தரை துடைக்கும் வேலையை நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறோம். குனிந்து துடைக்கிற கை கேபினட்டில்தான் படும். எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை கிடையாது.

ஒட்டன்சத்திரம் போனதும் முதலில் மீட்டரைத்தான் எடுத்தேன். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், பெரிய ரேஞ்சில் வைத்து அளந்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். மாமா ஸ்டூடியோவில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 60, 90 என்று நிலையில்லாமல் அலைந்தது. சாக்கெட்டில் துளை இருக்கிறது, பின்னால் வயர் இல்லை. இந்த அளவெடுப்பு பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டியது. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு "எர்த் வருதான்னு பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அச்சாக 0 வருகிறதென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். வீட்டில் மோட்டாரோ அயர்ன் பாக்ஸோ ஓடும்போதும் கொஞ்சம்கூட அசையாமல் 0 என்றே நின்றால், போர்டுக்குள் யாரோ நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் மாட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் சுர்ர் நின்றுவிடும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று கேபினட் முழுக்க லைன் வரும். எர்த் இல்லாத வீட்டைவிட இது மோசம்.

எலக்ட்ரீஷியன் வந்து, கொல்லைப்பக்கம் கம்பளிப்பூச்சி மாதிரி துரு ஏறிக் கிடந்த எர்த் குழாயைப் பார்த்துவிட்டு, புதிதாகக் குழி எடுத்து எர்த் போட்டார். ஸ்டூடியோ போர்டு வரை பச்சை வயர் இழுத்தார். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னேன். மாமா செலவைப் பார்த்து முகம் சுளித்தார். அக்கா, "அது முதல்ல ஆகட்டும்" என்று முடித்துவிட்டாள்.

இனி ரீஸ்டார்ட் விவகாரம். கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கடைக்காரரும் வாங்குகிறவரும் பார்ப்பது இந்த எண்ணை மட்டும்தான். நான் பார்ப்பது கீழே சின்ன எழுத்தில் உள்ள அட்டவணையில், 12 வோல்ட் வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று. அங்கே 16 என்று இருந்தது. 12 பெருக்கல் 16, ஆக 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான். மாமா மெஷினில் ஐ5 9400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. கார்டுக்கு மட்டும் 120 வாட். பிராசஸர் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழுமூச்சில் ஓடும்போது அதைத் தாண்டிப் போகும். ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் 192 எந்த மூலைக்கு?

சந்தேகத்தை உறுதி செய்ய, உபயோகத்தில் இல்லாத ஒரு மோலக்ஸ் கனெக்டரில் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலு பின் கனெக்டர்) மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9. எக்ஸ்போர்ட் ஆரம்பித்ததும் 11.5, 11.3, அப்புறம் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் என்ற பொதுக் கணக்கின்படி 12 வோல்ட் என்பது 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. 3.3 வோல்ட்டுக்கு 3.14 முதல் 3.47 வரை. மீட்டர் முனையைப் பிடிக்கும்போது மஞ்சளையும் பக்கத்துச் சிவப்பையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் கை நிதானமாக இருக்கட்டும். தொட்டால் 12 வோல்ட் போய் 5 வோல்ட்டில் ஏறும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று வயரே கிடையாது. ஒரு மோலக்ஸ் கனெக்டரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் துண்டு வயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் வெள்ளை பிளாஸ்டிக் காப்பிக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. 6 பின் கனெக்டர் வழியாக 75 வாட் வரை போகலாம் என்பது விதி. அவ்வளவையும் ஒல்லியான ஒரே மஞ்சள் வயரில் இழுத்தால் சூடு பிடிக்கத்தான் செய்யும். நெருப்புப் பிடிப்பதற்கு முன்னால் பார்த்தோம். கார்டு கேட்கிற கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால், அந்தக் கார்டுக்கு அந்தப் பெட்டி போதாது என்று பொருள். அடாப்டர் வாங்காதீர்கள்.

புதிதாக 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனத் தரத்தில் ஒன்று வாங்கினோம். 12 வோல்ட் வரியில் 45 ஆம்பியர் பக்கம் இருந்தது. கிட்டத்தட்ட முழு வாட்டேஜையும் 12 வோல்ட்டிலேயே தர முடிகிற பெட்டி. வாங்கும்போது கேபினட்டின் அளவையும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் 24 பின்தானா என்று பார்க்க வேண்டும். அசெம்பிள் செய்த மெஷின் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆபீஸ்களிலிருந்து ஏலத்தில் வரும் பிராண்டட் பெட்டிகளில் 6 பின், 8 பின், 10 பின், 14 பின் என்று கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கும். அவற்றுக்கு அதே மாடலுக்கான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் தேட வேண்டும். நுழைகிறதே என்று மாட்டினால் மதர்போர்டு போய்விடும்.

சரி, கழற்றும் வேலை. அக்கா மகனைத்தான் செய்யவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விண்டோஸை ஒழுங்காக ஷட்டவுன் செய்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்சை வட்டக் குறி போட்ட பக்கம் அமுக்கினான். சுவர் சுவிட்சையும் அணைத்தான். "அவ்வளவுதானே சித்தி?" இல்லை, பிளக்கைப் பிடுங்கு. நம் ஊர் வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும் போர்டுகள் நிறைய உண்டு. அப்படி இருந்தால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலைத்தான், பேஸ் உள்ளே வரைக்கும் வந்து நிற்கும். மானிட்டர், பிரிண்டர், நெட் கேபிள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். வேறொரு கருவியிலிருந்து கேபிள் வழியாகவும் மின்சாரம் உள்ளே வரலாம்.

ஷட்டவுன் ஆன கம்ப்யூட்டரில் பிளக் செருகி சுவிட்சுகள் போட்டிருக்கும் வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒரு மின்வழி எப்போதும் உயிரோடு இருக்கும். ஊதா வயர் அதுதான். மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருப்பது அதனால்தான். பிளக்கைப் பிடுங்கியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் மீதியிருக்கும் மின்சாரம் கொஞ்சம் வடியும், அந்த விளக்கு அணையும். அது அணைவதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு டீ குடிக்கிற நேரம் விடுவது என் வழக்கம். நான் வாட்சையும் தங்க வளையலையும் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் எந்த மெஷினிலும் கை வைப்பேன். அவனிடம் கையில் இருந்த செம்புக் காப்பைக் கழற்றச் சொன்னேன். மொசைக் தரையில் ஈரம் இல்லையா என்று பார்த்து, மெஷினை மேஜைமேல் ஏற்றினோம்.

எந்த வயர் எங்கே என்று மூன்று நான்கு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கேபினட்டின் பெயின்ட் இல்லாத தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பித்தான், உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க. 24 பின் கனெக்டர் ரொம்ப இறுக்கமாக இருக்கும். கொக்கியை அமுக்கிக்கொண்டு, வயரைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து, லேசாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வேண்டும். இன்னொரு கையால் மதர்போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டால் போர்டு வளையாது. பிராசஸருக்குப் போகும் 8 பின் கனெக்டர் மேல் மூலையில் இருக்கும், அதைப் பலர் மறந்துவிட்டுப் பெட்டியை இழுப்பார்கள்.

மாமாவுடையது பழைய பாணி கேபினட். எஸ்எம்பிஎஸ் மேலே தொங்கும். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது பெட்டியைக் கீழிருந்து ஒரு கையால் தாங்காவிட்டால் அது நேராகப் பிராசஸர் ஃபேன் மேல் விழும். அவன் தாங்கினான். அந்த நாலு ஸ்க்ரூவையும் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டோம். கேபினட்டின் வேறு ஸ்க்ரூக்களில் சில பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மரை வேறு. மாற்றி முறுக்கினால் துளை கெடும்.

பெட்டி வெளியே வந்ததும் அவன் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பதிவில் பாதி. "சித்தி, இதைத் திறந்து உள்ளே என்ன போச்சுன்னு பார்க்கலாமா?"

கூடாது. உள்ளே வரும் 230 வோல்ட் ஏசி முதலில் டிசி ஆக்கப்பட்டு ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325 வோல்ட். மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ள பெட்டிகளில் அது 380 முதல் 400 வரை. 330 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றில் 325 வோல்ட் நின்றால் 17 ஜூல், 390 வோல்ட் நின்றால் 25 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். அது ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது இதயம். பிளக்கைப் பிடுங்கியபின் இதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். நல்ல பெட்டியில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் நாம் திறக்க நினைப்பது கெட்டுப்போன பெட்டியை. அதில் அந்த ரெசிஸ்டரும் அறுந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? மலிவான பெட்டிகளில் அதை வைக்காமலே விடுவதும் உண்டு. ஓடாமல் நின்றுபோன எஸ்எம்பிஎஸ்ஸில்தான், உள்ளே மின்சாரத்தைச் செலவழிக்க ஆள் இல்லாமல், சார்ஜ் அதிக நேரம் தங்கும்.

ஸ்க்ரூ டிரைவர் முனையை கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்து "டப்" என்று டிஸ்சார்ஜ் செய்வதைச் சில கடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீப்பொறி கண்ணில் தெறிக்கும், முனை உருகும், பார்த்துப் பழகும் பையன் அதையே செய்வான். எங்கள் லேபில் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யத் தெரிந்த பிறகுதான் எந்தப் பிள்ளையும் மூடியில் கை வைக்கலாம். வீட்டில் இருப்பவர் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. உள்ளே இருக்கும் ப்யூஸ் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம் என்றும் சிலர் நினைப்பார்கள். அந்த ப்யூஸ் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. பின்னால் மாஸ்ஃபெட், டயோடு பிரிட்ஜ் மாதிரி ஒரு மின்பாகம் ஷார்ட் ஆகி அதை இழுத்துப் போயிருக்கும். புது ப்யூஸ் போட்டால் அதுவும் வெடிக்கும்.

பழைய ஸ்டாக் பெட்டிகள் கைக்கு வந்தால் பின்னால் சிவப்பாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115, 230 என்று எழுதியிருக்கும். அமெரிக்கா மாதிரி 120 வோல்ட் பக்கம் வரும் நாடுகளுக்காக 115 பக்கம் தள்ளினால் உள்ளே வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும் அமைப்பு அது. நம் 230ஐ அந்த நிலையில் கொடுத்தால் 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 ஏறும். அறையே அதிரும் சத்தத்தோடு வெடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சுவிட்சின் மேல் நான் டேப் ஒட்டிவிடுவேன்.

மாட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறதோ அங்கே இடம் விட வேண்டும். பிராசஸர் வயரும் கிராபிக்ஸ் வயரும் இரண்டுமே 8 பின் மாதிரிதான் தெரியும். பிராசஸருடையது 4 கூட்டல் 4 ஆகப் பிரியும், கார்டுடையது 6 கூட்டல் 2. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். வடிவம் ஒத்துவராது என்பது பாதுகாப்புதான், பலமாக அழுத்தி அந்தப் பாதுகாப்பைக் கெடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய சாட்டா வயரையோ, வயர்களைக் கழற்றி மாட்டும்படி வரும் மாடுலர் பெட்டியின் வயரையோ வீட்டில் இருக்கிறதே என்று புதுப் பெட்டியில் செருகுவது இன்னும் ஆபத்து. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். செருகும்போது அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க்குகள் மொத்தமும் போகும். ஒரு ஸ்டூடியோவுக்கு அது எத்தனை குடும்பங்களின் கல்யாணப் போட்டோ என்று யோசியுங்கள்.

பல்லி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில், கதகதப்புக்கும் பூச்சிக்கும் பல்லி கேபினட்டுக்குள் வரும். எங்கள் லேபில் கருகிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை முறையாகத் திறந்து பார்த்தபோது, உயர் வோல்ட் பக்கத்தில் பல்லி ஒட்டிக்கிடந்தது. கேபினட்டின் பின்னால் கார்டு இல்லாத இடைவெளிகளுக்கு ஒரு தகடு வரும், அதைக் கழற்றினால் திரும்பப் போடாமல் விட்டுவிடுகிறோம். மாமா மெஷினிலும் இரண்டு திறந்திருந்தன. மூடிவிட்டோம்.

எர்த் போட்ட புது சாக்கெட்டில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராக மூன்று பின் பிளக்கைச் செருகினோம். ஓடியது. முதலில் அக்காவைக் கூப்பிட்டு வெறுங்காலோடு கேபினட்டைத் தொடச் சொன்னேன். மீட்டரில் கேபினட்டுக்கும் எர்த்துக்கும் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தொடச் சொன்னேன். தொட்டாள். "ஒண்ணும் இல்லடி" என்றாள். மோலக்ஸில் மீட்டரை வைத்தோம். சும்மா இருக்கும்போது 12.1. அவருடைய பெரிய ஆல்பத்தையே எக்ஸ்போர்ட் கொடுத்தோம். 12.0, சில நொடி 11.9. முடியும் வரை அதற்குக் கீழே இறங்கவில்லை.

யூபிஎஸ்ஸில்தான் ஒரு சிக்கல் மிச்சம். ஸ்டூடியோவில் இருப்பது 600 விஏ சாதாரண யூபிஎஸ். பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலையைத் தராது, படிக்கட்டாக வெட்டிய அலையைத் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில இதை ஏற்காது. மெஷினை யூபிஎஸ்ஸில் மாட்டிச் சோதித்தோம். சும்மா இருக்கும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கினால் தாங்குகிறது. எக்ஸ்போர்ட் ஓடும்போது பிடுங்கினால் ஒரு பீப், அணைந்துவிடுகிறது. மாமாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்: சைன் வேவ் யூபிஎஸ் வாங்கும் வரை, கரண்ட் போகிற நேரத்தில் எக்ஸ்போர்ட் வேண்டாம், அடிக்கடி சேவ் செய்யுங்கள். ஒட்டன்சத்திரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யார் சொல்வது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சின்ன ஸ்பீக்கர் இவற்றுக்கெல்லாம் வரும் கறுப்பு அடாப்டரும் இதே எஸ்எம்பிஎஸ்தான். அதன் முனை 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றுக்கும் பல சமயம் ஒரே தடிமனில் வரும். நுழைகிறதே என்று மாற்றிப் போடக் கூடாது. வோல்ட் அச்சாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று லேபிளில் ஒரு சின்னப் படம் போட்டிருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

பழைய பெட்டியை மாமா பரணில் வைக்கப் போனார், "ஆபத்துக்கு உதவும்" என்று. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். பரணில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்றைக்காவது ஒருநாள் யாரோ ஒருவரின் மெஷினுக்குள் போய்விடும். மேலே மார்க்கரில் "பழுது, 12 வோல்ட் நிற்காது" என்று எழுதி, எல்லா வயர்களையும் கனெக்டருக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டேன். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் செம்புக்காக உடைத்து எரிப்பார்கள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் வழியாகத்தான் இவை போக வேண்டும். எங்கள் கல்லூரியில் லேப் கழிவுகளை மொத்தமாகச் சேர்த்து அப்படி அனுப்புகிறோம், அந்த அட்டைப்பெட்டியில் இதையும் சேர்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால், பக்கத்தில் உள்ள கல்லூரி லேபில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் என்றால் நானே வாங்கிக்கொள்கிறேன்.